எது தேவசித்தம்? புதுசா யோசிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

எங்க திருநெல்வேலி பக்கம் கிறிஸ்தவ கல்யாண பத்திரிகைய எடுத்துப் பாத்தீங்கன்னா "கர்த்தருக்குச் சித்தமானால்"னு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழதான் தேதி, நேரம், சர்ச் பேரு, மண்டபம் எல்லாம் வரும். அதே வீட்டுல சில வருஷம் கழிச்சு யாராவது சின்ன வயசுல இறந்துபோனா, துக்கத்துக்கு வர்றவங்க கையப் பிடிச்சுக்கிட்டு "என்ன செய்ய, எல்லாம் கர்த்தரோட சித்தம்"னு சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமையானா எல்லாருமா சேர்ந்து "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக"னு ஜெபம் பண்றோம். மூணு இடத்துலயும் அதே சித்தம்ங்கிற வார்த்தைதான், அதாவது விருப்பம், ஆனா மூணுலயும் ஒரே அர்த்தத்துல சொல்லல, அத யாரும் நமக்குப் பிரிச்சு சொல்லித் தர்றதும் இல்ல.

துக்க வீட்டுல சொல்றது, தேவன் அனுமதிக்காம ஒண்ணும் நடக்காதுங்கிற அர்த்தத்துல. அவரோட கைய மீறி எதுவும் போகலங்கிற நம்பிக்கை அது. யோசேப்பு தன்னை வித்த அண்ணன்மார்கிட்ட "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்"னு சொல்லிட்டு, தேவன் அத நன்மையா முடியப்பண்ணினார்னு சொல்றான் பாருங்க (ஆதியாகமம் 50:20), அந்த மாதிரி. இந்த சித்தம் முன்கூட்டி நமக்குத் தெரியாது, நடந்து முடிஞ்சு பல வருஷம் கழிச்சு திரும்பிப் பாத்தா கொஞ்சம் புரியும், சில விஷயம் கடைசி வரைக்கும் புரியாது. பரமண்டல ஜெபத்துல கேக்கறது வேற. அங்க சித்தம்னா தேவன் நம்மகிட்ட எதிர்பார்க்கிற நடத்தை. "செய்யப்படுவதாக"னு கேக்கறோம்னா இப்போ முழுசா செய்யப்படலன்னுதானே அர்த்தம்? கல்யாண பத்திரிகையில இருக்கறது மூணாவது வகை, அதாவது என் ஒருத்தனோட வாழ்க்கையில இந்தப் படிப்பா அந்தப் படிப்பா, இந்தப் பொண்ணா அந்தப் பொண்ணா, சென்னையா புனேவாங்கிற கேள்வி. நாம தூக்கத்த கெடுத்துக்கிட்டு தேடறதெல்லாம் இந்த மூணாவதத்தான்.

கத்தோலிக்கர்கள் இத இறைவிருப்பம், இறைத்திட்டம்னு சொல்லுவாங்க, நம்ம சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே ஆளுங்க தேவசித்தம்னு சொல்றோம். குழப்பம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

இத ஏன் இப்போ எழுதறேன்னா, எங்க சித்தி பையன் போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி "அண்ணே, ரெண்டு கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, ஒண்ணு சென்னை ஒண்ணு புனே, எது தேவசித்தம்னு தெரியல, தப்பானத எடுத்துட்டா என்ன ஆகும்"னு கேட்டான். குரல்ல அவ்வளவு பயம். அவன் மனசுல ஓடற படம் என்னன்னா, தேவன் ஒரு கவருக்குள்ள சரியான பதில எழுதி ஒட்டி எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கார், கண்டுபிடிச்சா ஆசீர்வாதம், விட்டா வாழ்க்கையே தடம் புரண்டுடும்ங்கிறது. அவன குறை சொல்ல முடியாது, நானும் அவன் வயசுல அப்படித்தான் இருந்தேன்.

நான் பண்ணின கூத்த முதல்ல சொல்லிடறேன். காலேஜ் முடிச்சு ஒரு வேலைக்குப் போகவா வேண்டாமான்னு முடிவு பண்ண ரெண்டு துண்டு பேப்பர்ல "போ", "போகாதே"ன்னு எழுதி, ஜெபம் பண்ணி, கண்ண மூடி எடுத்தேன். "போகாதே"ன்னு வந்துச்சு. எனக்குப் போகணும்னு ஆசை, அதனால மூணு தடவ எடுப்போம், எது ரெண்டு தடவ வருதோ அதான்னு எனக்கு நானே ரூல்ஸ மாத்திக்கிட்டேன், அப்புறம் அஞ்சு தடவ. அதோட நிக்கல, பைபிள சும்மா திறந்து விரல வெச்சுப் பாத்தேன், லேவியராகமத்துல குஷ்டரோகத்த ஆசாரியன் எப்படி பாக்கணும்ங்கிற பகுதி வந்துச்சு. அதுல என் வேலைக்கு என்ன செய்தி இருக்குன்னு ஒரு அரை மணி நேரம் யோசிச்சேன், இப்போ நெனச்சா சிரிப்பு வருது.

சீட்டு போடறது பைபிள்லயே இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. இயேசுவ காட்டிக்கொடுத்த யூதாஸோட இடத்துக்கு மத்தியாவ சீட்டு போட்டுத்தான் எடுத்தாங்க, அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரம் கடைசி வசனம். ஆனா அடுத்த அதிகாரத்துல பெந்தெகொஸ்தே நாள்ல பரிசுத்த ஆவியானவர் வர்றார், அதுக்கப்புறம் புதிய ஏற்பாட்டுல சபை எந்த முடிவுக்கும் சீட்டு போட்டதா இல்ல. அதோட, மத்தியா விஷயத்துலயும் முதல்லயே தகுதி பாத்து, இயேசுவோட ஆரம்பத்துல இருந்து கூட இருந்தவங்களா தேடி ரெண்டு பேர நிறுத்தி வெச்சுட்டுத்தான் சீட்டு போட்டாங்க. யோசிக்கிற வேலைய முடிச்சிட்டு போட்ட சீட்டு அது. நான் போட்டது யோசிக்க சோம்பல்பட்டு போட்ட சீட்டு.

அதே மாதிரிதான் கிதியோனோட தோலும், அதாவது ஆட்டுத்தோல் மட்டும் பனியில நனையணும், தரை காய்ஞ்சிருக்கணும்னு அவன் கர்த்தர்கிட்ட அடையாளம் கேட்ட கதை. "ஆண்டவரே, நாளைக்குள்ள அந்த மேனேஜர் போன் பண்ணினா உம்முடைய சித்தம்னு எடுத்துக்கறேன்"னு நிறைய பேர் அடையாளம் கேப்பாங்க, கேட்டா கிதியோன் கேக்கலயான்னு சொல்லுவாங்க. நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்த முழுசா வாசிங்க. தோல் போடறதுக்கு ரொம்ப முன்னாடியே கர்த்தர் அவன்கிட்ட போன்னு சொல்லியாச்சு, கூட இருக்கேன்னும் சொல்லியாச்சு. அவனுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல, நம்பிக்கைதான் பத்தல. அதனாலதான் ரெண்டாவது தடவ கேக்கும்போது கோவிச்சுக்காதீங்கன்னு கெஞ்சிக்கிட்டே கேக்கறான். தேவன் பொறுமையா செஞ்சு கொடுத்தார், அது அவரோட இரக்கம். அத வழிகாட்டுதலுக்கு ஒரு முறையா நாம எடுத்துக்கிட்டா எப்படி?

சரி, அப்போ எங்கேருந்து ஆரம்பிக்கிறது? தெரிஞ்சதுல இருந்துதான். வேதம் "இதுதான் தேவசித்தம்"னு பேரு வெச்சே சில விஷயங்கள சொல்லுது, அத நாம கவனிக்கறதே இல்ல. 1 தெசலோனிக்கேயர் 4:3ல "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தமாயிருக்கிறது"ன்னு இருக்கு. அடுத்த அதிகாரம் 18ஆம் வசனத்துல எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யறது தேவனுடைய சித்தம்னு இருக்கு. மீகா 6:8 இன்னும் நேரடி, நியாயம் செய்யணும், இரக்கத்த சிநேகிக்கணும், மனத்தாழ்மையா நடக்கணும், வேறே என்னத்தைக் கர்த்தர் உன்னிடத்தில் கேட்கிறார்னு முடியும். இதுக்கெல்லாம் உபவாசம் இருந்து கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணும் இல்ல.

இங்க எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிடறேன். மாப்பிள்ளை வீட்டுல மூணு நாள் உபவாசம் போட்டு, தேவசித்தமான பொண்ண காட்டும்னு ஜெபிச்சு, பொண்ணு அமைஞ்ச உடனே அடுத்த கேள்வி எத்தன பவுன், கார் என்ன கார். பொண்ணு யாருங்கிறதுல தேவசித்தம் வேணும், பொண்ணோட அப்பாவ கடனாளி ஆக்கறது தேவசித்தமான்னு மட்டும் யாரும் முழங்கால் போட்டு கேக்கறதில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், ஒரு அரசு வேலைக்கு பணம் கொடுக்கறது தேவசித்தமான்னு ஜெபிக்கச் சொல்லி எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பினார். பரிதானம், அதாவது லஞ்சம் பத்தி வேதம் எத்தன இடத்துல சொல்லியிருக்கு, இதுல ஜெபிக்க என்ன இருக்கு? உபாகமம் 29:29ல மறைவானவைகள் கர்த்தருக்கு உரியவைகள், வெளிப்படுத்தப்பட்டவைகள் நமக்கு உரியவைகள்னு மோசே சொல்றார். நாம அவரோடத கேட்டு நச்சரிச்சுக்கிட்டு, நம்மோடத தொடாம வெச்சிருக்கோம்.

இப்போ ரோமர் 12:2க்கு வர்றேன், இந்த விஷயத்துக்கு எனக்கு ரொம்ப உதவின வசனம் இதுதான். தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று "பகுத்தறியத்தக்கதாக" உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்னு நம்ம பழைய மொழிபெயர்ப்புல இருக்கு. பகுத்தறிய! தமிழ்நாட்டுல இந்த வார்த்தைய கேட்டா பெரியார் திடல்தான் ஞாபகம் வரும், அது தேவசித்தத்தோட சேர்ந்து நம்ம பைபிள்லயே உக்காந்திருக்கறது நிறைய பேருக்கு கண்ணுல படல. பவுல் அடையாளம் கேளுன்னு சொல்லல, மனசு புதுசாகட்டும், அந்த மனச வெச்சு சோதிச்சு அறிஞ்சுக்கோன்னு சொல்றார். நம்ம வீட்டுல அம்மாவுக்கு அப்பா என்ன சொல்லுவார்னு கேக்காமலே தெரியும் இல்லையா, கடையில ஒரு சட்டைய பாத்து "இது அவருக்குப் பிடிக்காது"ன்னு வெச்சுடுவாங்க, அது முப்பது வருஷம் கூட இருந்ததுல வந்தது. தேவசித்தமும் அப்படித்தான் பழகப் பழக வரும், அவசரத்துக்கு ஒரு நாள் உபவாசம் போட்டு டவுன்லோட் பண்ண முடியாது.

அப்போ தேவன் நேரடியா பேசவே மாட்டாரான்னா, பேசுவார், நான் அத மறுக்கற ஆளு இல்ல. ஆனா பேசின இடத்துல என்ன நடந்ததுன்னு பாக்கணும். அப்போஸ்தலர் 16ல பவுல் கூட்டம் ஆசியாவுல பிரசங்கிக்கப் பாக்குது, ஆவியானவர் தடுக்கறார். பித்தினியா பக்கம் போகப் பாக்குது, அங்கயும் தடை. ரெண்டு கதவு மூடி துரோவா வரைக்கும் வந்து நிக்கிறாங்க, அங்க ராத்திரி பவுலுக்கு மக்கெதோனியாக்காரன் கூப்பிடற தரிசனம் வருது. அடுத்த வசனத்துல ஒரு சின்ன விஷயம் இருக்கு, தரிசனத்த "அவன் கண்டபோது", கர்த்தர் அழைத்தாரென்று "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு"ன்னு லூக்கா எழுதறார். பாத்தது ஒருத்தர், நிச்சயிச்சது கூட இருந்த எல்லாரும். இவ்வளவு பெரிய அப்போஸ்தலன் "எனக்கு கர்த்தர் சொல்லிட்டார், யாரும் கேள்வி கேக்காதீங்க"ன்னு கிளம்பல. அங்க போய் என்ன ஆச்சு? பிலிப்பியில அடி வாங்கி, கால தொழுமரத்துல மாட்டி, ஜெயில். தேவசித்தத்துல போனா எல்லாம் ஸ்மூத்தா நடக்கும்னு நெனக்கிறவங்க இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும்.

இதுலேருந்துதான் ரெண்டு பிரபலமான அளவுகோல் மேல எனக்கு சந்தேகம் வந்துச்சு. ஒண்ணு "கதவு திறந்துச்சு", இன்னொண்ணு "மனசுல சமாதானம் இருக்கு". யோனாவ பாருங்க. கர்த்தர் நினிவேக்குப் போன்னா தர்ஷீசுக்கு ஓடறான், யோப்பாவுல போனா சரியா தர்ஷீசுக்குப் போற கப்பல் நிக்குது, கையில கூலி கொடுக்க காசும் இருக்கு, கதவு அகலமா திறந்திருக்கு. ஏறினதும் அடித்தட்டுல போய் அயர்ந்த தூக்கம், புயல்ல கூட எந்திரிக்கல. சமாதானமும் இருக்கு! இந்தப் பக்கம் கெத்செமனேயில இயேசு, தேவசித்தத்தோட நட்ட நடுவுல நிக்கிறார், வேர்வை ரத்தத்தோட பெருந்துளியா விழுது, ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கம் கொண்டிருக்குன்னு சொல்றார். திறந்த கதவையும் மனசோட சமாதானத்தையும் கணக்குல எடுங்க, ஆனா அத மட்டும் வெச்சு தீர்ப்பு எழுதாதீங்க.

மனசோட அசைவுகள எப்படி படிக்கிறதுங்கிறதுல கத்தோலிக்க மரபுல ஒருத்தர் நல்லா வேலை செஞ்சு வெச்சிருக்கார், லொயோலா இஞ்ஞாசியார். ஸ்பெயின் நாட்டு படைவீரர், 1521ல பாம்பலோனா சண்டையில பீரங்கிக் குண்டு பட்டு கால் நொறுங்கி மாசக்கணக்குல படுக்கையில. வீரசாகச கதை வாசிக்க கேட்டா வீட்டுல இருந்தது கிறிஸ்துவோட வாழ்க்கையும் புனிதர்கள் கதையும்தான். படுத்துக்கிட்டே பகல் கனவு காண்பார், ஒரு பெரிய இடத்துப் பெண்ணுக்காக சாகசம் பண்ற கனவு, இன்னொரு நேரம் புனிதர்கள் மாதிரி வாழற கனவு. ரெண்டும் கனவு காணும்போது இனிச்சது, ஆனா முதல் கனவு முடிஞ்சதும் மனசு வறண்டுபோச்சு, ரெண்டாவது முடிஞ்ச பிறகும் இனிப்பு தங்குச்சு. இந்த வித்தியாசத்த கவனிச்சதுல இருந்துதான் அவரோட முறையே வளந்துச்சு. அவர் சொன்னதுல ஒண்ணு எல்லாருக்கும் உடனே உதவும், மனசு இருண்டு சோர்ந்து கிடக்கற நேரத்துல ஏற்கனவே எடுத்த நல்ல முடிவ மாத்தாதே. இன்னொண்ணு, முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் இதே கேள்வியோட உங்கிட்ட வந்தா என்ன ஆலோசனை சொல்லுவ, அத நீயே செய். என் தம்பிகிட்ட இத சொன்னப்போ கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்ல.

அடுத்தவங்க நமக்கு சொல்ற தீர்க்கதரிசனம் பத்தி கொஞ்சம் ஜாக்கிரதை சொல்லணும். 1 தெசலோனிக்கேயர் 5ல தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்னு சொன்ன கையோட "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்"னு இருக்கு, ரெண்டும் சேந்ததுதான் கட்டளை. 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரம் நம்ம சபைகள்ல பிரசங்கிச்சு நான் அதிகமா கேட்டதில்ல. யூதாவுலேருந்து பெத்தேலுக்கு வந்த ஒரு தேவனுடைய மனுஷன், அங்க சாப்பிடாதே, தண்ணி குடிக்காதே, வந்த வழியா திரும்பாதேன்னு அவனுக்கு தெளிவா சொல்லியிருக்கு. பெத்தேல்ல ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து "நானும் உன்ன மாதிரி தீர்க்கதரிசிதான், தூதன் எங்கிட்ட உன்ன கூட்டிட்டு வரச் சொன்னான்"னு பொய் சொல்றான். இவன் போய் சாப்பிட்டான், திரும்பற வழியில சிங்கம் அடிச்சு செத்தான். பெரியவர், ஊழியக்காரர், தலை நரைச்சவர்ங்கிறதுக்காக நமக்குத் தெளிவா தெரிஞ்சத விட்டுக் கொடுக்கக் கூடாது. முக்கியமா பொண்ணுங்களுக்கு, "நீதான் எனக்குன்னு கர்த்தர் காட்டினார்"னு ஒரு பையன் வந்து நின்னா, அவர் எங்கிட்டயும் பேசத் தெரிஞ்சவர்தான், சொல்லட்டும் பாக்கலாம்னு தைரியமா சொல்லுங்க. 1 கொரிந்தியர் 7:39ல விதவைக்கு பவுல் சொல்றது, கர்த்தருக்கு உட்பட்டவனா இருக்கணும், அதுக்குள்ள "தனக்கு இஷ்டமானவனாயும்" இருக்கிற யாரையும் கட்டிக்கலாம்னு. இஷ்டம்ங்கிற வார்த்தைய பவுலே போட்டிருக்கார்.

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில, புது வருஷத்துக்குன்னு ஆளுக்கொரு வசனம் போட்டு எடுக்கற வாக்குத்தத்த அட்டையும் இதே கதைதான். எனக்கும் பிடிக்கும், பைபிள்லதான் வெச்சிருக்கேன். ஆனா "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு"ன்னு போட்ட அட்டைய இதுவரைக்கும் யாரும் எடுத்து நான் பாத்ததில்ல. அதிகமா வர்ற எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்ங்கிற வசனம், அது பாபிலோனுக்கு சிறைபிடிச்சுட்டுப் போனவங்களுக்கு எழுதின கடிதத்துல இருக்கு. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாகிடும்னு தீர்க்கதரிசனம் சொல்லி எல்லாரையும் குஷிப்படுத்தறான், எரேமியா 70 வருஷம்னு எழுதறார். அதுவரைக்கும் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணுங்க, அந்த ஊர் நல்லா இருக்க ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றார். தேவனோட பெரிய திட்டத்துக்கு உள்ள அன்னிக்கு அவங்க செய்ய வேண்டிய தேவசித்தம் கத்திரிக்கா நடறதா இருந்திருக்கு!

வாழ்க்கையில இது எப்படி வரும்னு கேட்டா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது வேலூர் ஐடா ஸ்கடர் அம்மாதான். மிஷனரி டாக்டர் குடும்பம், ஆனா அவங்களுக்கு மிஷனரி ஆகற எண்ணமே கிடையாது. 1890ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு அமெரிக்காவுலேருந்து திண்டிவனம் வந்தாங்க, கொஞ்ச நாள்ல திரும்பிடணும்னுதான் வந்தது. ஒரே ராத்திரி மூணு பேர் தனித்தனியா வந்து கதவ தட்டறாங்க, மூணு பேரோட மனைவிக்கும் பிரசவ வேதனை, வந்து பாருங்கன்னு. நான் டாக்டர் இல்ல, அப்பாதான் டாக்டர், அவர கூட்டிட்டுப் போங்கன்னா, ஆம்பள டாக்டர் பாக்கக் கூடாதுன்னு மூணு பேரும் திரும்பிப் போயிட்டாங்க. விடிஞ்சா மூணு பொண்ணுங்களும் இறந்துட்டாங்கன்னு செய்தி. அவங்க அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சு 1899ல கார்னெல்ல பட்டம் வாங்கி, 1900ல திரும்பி வந்தாங்க. அவங்க ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி. இதுல கனவு இல்ல, சீட்டு இல்ல, கண்ணு முன்னாடி ஒரு தேவை, அதுக்கு ஆள் இல்லங்கிற உண்மை, அப்புறம் வருஷக்கணக்குல புஸ்தகத்தோட உக்காந்த படிப்பு. தோனாவூர்ல ஆதரவில்லாத பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா கதை இன்னும் கோணலானது, சீனாவுக்குப் போக நெனச்சு உடல்நிலை காரணமா முடியல, ஜப்பான் போய் நோயில விழுந்து திரும்பி, 1895ல இந்தியா வந்து 1951ல இங்கேயே இறந்தாங்க. ஜப்பான்லேருந்து கப்பல் ஏறின அன்னிக்கு அவங்ககிட்ட தேவசித்தம் என்னன்னு கேட்டிருந்தா தோனாவூர்னு சொல்லியிருப்பாங்களா?

தம்பி விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வேலையும் நேர்மையான வேலை, அதனால முதல் வடிகட்டில ரெண்டும் தாண்டிடுச்சு. அவன நல்லா தெரிஞ்ச ரெண்டு மூணு பேர்கிட்ட, முக்கியமா அவனுக்குப் பிடிக்காதத சொல்லக் கூடிய ஒருத்தர்கிட்ட கேக்கச் சொன்னேன். அவன் படிச்சதுக்கு நெருக்கமா இருந்தது புனே, சம்பளம் கொஞ்சம் கூட சென்னை. சித்திக்கு முழங்கால் வலி, ஆனா அக்கா பக்கத்துத் தெருவுலதான் இருக்கா, அவளே நீ போடா நான் பாத்துக்கறேன்னுட்டா. ஒரு வாரம் புனேன்னு முடிவு பண்ணின மாதிரியே இருந்து பாக்கச் சொன்னேன், இருந்தான், மனசு கலங்கல. அப்பவும் கடைசியா "அண்ணே, இப்போ நிச்சயமா தேவசித்தம்தானா, தப்பா போயிட்டா?"ன்னு கேட்டான். டேய், தப்பான கப்பல்ல ஏறி வேணும்னே ஓடின யோனாவையே மீன் அனுப்பி எடுத்தவர், ஜெபிச்சு, நாலு பேர கேட்டு, யோசிச்சு கிளம்பற உன்ன புனேல விட்டுடுவாரான்னு கேட்டேன்.

போன வாரம் ரயில் ஏறிட்டான். ரூம் பக்கத்துல தமிழ் ஆராதனை எந்த சர்ச்ல நடக்குது, எத்தன மணிக்குன்னு கேட்டு இன்னிக்கு காலைல மெசேஜ் போட்டிருக்கான், அங்க இருக்கற ஒரு பழைய ஃபிரெண்ட்கிட்ட விசாரிக்கணும்.